ஒரு ஃபைலுக்கு ஒரு எண்

அந்த மருத்துவமனையில் ஒரு ஃபைலைத் தேடி எடுக்க அரைமணி நேரமாகும். அதனால் புதிதாக ஒரு பதிவேடு வைத்தார்கள். எண்ணைப் பார்த்தால் போதும், எந்த அடுக்கு என்று உடனே காட்டிவிடும்.

பேச்சிமுத்துவின் ஃபைலில் இரண்டு எண்கள் இருந்தன. போன வருஷம் காய்ச்சலுக்கு வந்தபோது ஒன்று, இப்போது கால் முறிந்து படுத்தபோது இன்னொன்று.

"ரெண்டையும் எழுதிக்கோ தம்பி," என்றது ஃபைல்.

"ஒரு ஃபைலுக்கு ஒரு எண்தான் அண்ணே. அதனாலதான் இந்த வேகம்," என்ற பதிவேடு, பழைய எண்ணை மட்டும் எழுதிக்கொண்டது.

மறுநாள் ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஓடிவந்து புது எண்ணைத் தேடினாள். பதிவேட்டில் இல்லை. ஃபைல் இல்லாமலே ஊசி போடத் திரும்பி ஓடினாள்.

"கூப்பிடு அவங்களை! அந்த ஊசி அவருக்கு ஒத்துக்காதுன்னு என் முதல் பக்கத்துலயே சிவப்பு மையில எழுதியிருக்கு!"

"அவங்க கேட்ட எண் என்கிட்ட இல்லையே அண்ணே."

சாயங்காலம் பேச்சிமுத்துவின் மனைவி பழைய எண் எழுதிய சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கண் இமைப்பதற்குள் ஃபைல் கிடைத்தது.

"பார்த்தீங்களா அண்ணே, என் வேகத்தை?"

ஃபைலின் முதல் பக்கத்தில், சிவப்பு வரிக்குக் கீழே, பேச்சிமுத்து இறந்த நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.