நாலாவது கேள்வி

அந்த வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றவள் அவள் ஒருத்திதான்.

மற்ற எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஹெலன் மேடம்கூட சாக்பீஸும் கையுமாகக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சமூக உளவியல் செய்முறை வகுப்பு. காலனி மக்களை எவ்வளவு கிட்டத்தில் சேர்த்துக்கொள்வீர்கள் என்று நான்கு கேள்விகள். சம்மதம் என்றால் கை தூக்க வேண்டும். யார் தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அப்போதுதான் உண்மை வருமாம்.

எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

"நீ வாம்மா. நீதான் இதுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லையே."

மேடம் பிரியமாகத்தான் சொன்னார். அவள் காலனிப் பெண் என்பது அதுவரை தெரியாத கடைசி பெஞ்சுக்கும் தெரிந்துபோயிற்று. யார் மனதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாம் பெஞ்சில் கௌரிசங்கர் இருந்தான்.

உன்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று முதல் வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறவன். போன ஆடியில் அவள் வீட்டுக்கு வந்து, அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டவன். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசிவிடுகிறேன் என்று நேற்றுகூட கேன்டீனில் அவள் கையைப் பிடித்துச் சொன்னான்.

அவன் கையைப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்து நின்றாள்.

"பஸ்ஸுல பக்கத்துல உட்காருவீங்களா?"

அடேயப்பா, எத்தனை கை! என்னவோ பெரிய தியாகம் செய்கிறவர்கள் மாதிரி தூக்கினார்கள். அவள் எண்ணிச் சொன்னாள். மேடம் எழுதினார்.

"அவங்க வீட்டுல சாப்பிடுவீங்களா?"

பாதிக் கைகள் எழும்பவே இல்லை. விடுதியில் தினமும் அவள் ஊறுகாய் பாட்டிலுக்குள் விரலை விடுகிற பவித்ராவின் கை மடியிலேயே கிடந்தது. தின்னும்போது மட்டும் ருசித்ததா, சனியனே!

கௌரிசங்கரின் கை மேலே இருந்தது.

"பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தா ஒத்துக்குவீங்களா?"

இன்னும் குறைந்தது. அவன் கை இருந்தது. இருடா, இன்னும் ஒன்றுதான்.

"உங்க குடும்பத்துல பொண்ணு குடுக்க, எடுக்க சம்மதமா?"

ஒரு கைகூட எழும்பவில்லை.

நேற்றைய பாடம் தனியாள் வேறுபாடுகள். ஒருவரைப் போல் இன்னொருவர் இருக்கவே மாட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதிப்போட்டார்கள். இப்போது பார்த்தால் அத்தனை பேரும் ஒரே அச்சு.

அவன் கைகளும் மடியில்தான் கிடந்தன.

"முடிஞ்சுதாம்மா?" மேடம் திரும்பாமலே கேட்டார்.

"கொஞ்சம் இருங்க மேடம்."

காத்திருந்தாள். வெட்கங்கெட்டுப்போய்த்தான் காத்திருந்தாள்.

அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

பக்கத்து பெஞ்சைப் பார்த்தான். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். எங்கேயும் கை இல்லை என்று தெரிந்துகொண்டான். முன்னால் நிற்கிறவளைக் கடைசியாகத்தான் பார்த்தான்.

அவன் முகம் வெளுத்தது.

மடியிலிருந்து வலது கை எழும்பியது. தோள்வரை வந்து தயங்கியது. பிறகு தலைக்கு மேலே போய் நின்றது. பஸ் கேள்விக்குக்கூட அவன் அவ்வளவு உயரமாகத் தூக்கவில்லை.

அந்தக் கையை அவள் நன்றாகப் பார்த்தாள். நேற்று அவள் கையைப் பிடித்திருந்த கை அதுதான்.

"எத்தனைம்மா?"

"யாருமில்ல மேடம்."

மேடம் பலகையில் பெரிதாக ஒரு சுழியம் போட்டார். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார்.

அவன் கை இன்னும் மேலேதான் இருந்தது. உதடு அசைத்து அவளிடம் என்னவோ கெஞ்சினான். அவள் அசையவில்லை.

"சரி, எல்லாரும் கண்ணைத் திறக்கலாம்" என்றார் மேடம்.

முதல் ஆள் கண்ணைத் திறப்பதற்குள் அவன் கை மடிக்குப் போய்விட்டிருந்தது.