ஒன்பது மில்லிமீட்டர்

ஸ்டூல் மேல் ஏறி ஸ்கேலை வைத்துப் பார்த்த இன்ஜினியர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உத்திரத்துக்கு அடியில், இரண்டு முனையிலும் இருபது மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டிய நூல், நடுவில் பதினொன்றுதான் காட்டியது. போன வாரம் பன்னிரண்டு.

ஆக, உத்திரம் நடுவில் ஒன்பது மில்லிமீட்டர் தொய்ந்திருக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் வாய் ஓயாமல் சொன்ன 'டிஃப்ளெக்‌ஷன்', ஓய்வு பெற்றபின் சொந்த வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு நேர் கீழே, தொட்டிலில், நாற்பது நாள் பேத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

தொட்டிலை ஹாலுக்கு மாற்றலாம் என்றார். ஹாலில் ஃபேன் ஓடவில்லையே என்றாள் மகள். அவர் உத்திரத்தையே அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு மனைவி சிரித்தாள்.

"நீங்க கட்டின வீடுதானே? விழுந்துடுமா என்ன?"

அந்தக் கேள்விதான் அவரைக் கொன்றது. இந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டதும் அவர், கம்பி எண்ணியதும் அவர். கணக்கில் கோட்டை விட்டிருந்தால் இனி வேறு மாதிரி கம்பி எண்ண வேண்டியதுதான். பயத்தை வெளியில் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

தொட்டில் கட்டிய அறை என்னவோ இப்போதுதான் ஆள் புழங்கும்படி ஆகியிருந்தது. கட்டிய ஒவ்வொரு கட்டடத்திலும் சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டிகளில் ஒன்றை எடுத்துவந்து, தேதி எழுதி, முப்பத்தெட்டு வருஷமாக இங்கேதான் தரையில் அடுக்கி வைத்திருந்தார். மகள் பிரசவத்துக்கு வருவதற்குள், அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போன சமயம் பார்த்து மனைவி அறையை ஒழித்துவிட்டாள். எல்லாம் பத்திரமான இடத்தில் இருக்கிறது, பேத்தி நடக்கட்டும் காட்டுகிறேன் என்றாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அவரும் அதை விட்டுவிட்டார்.

இப்போது சந்தேகமெல்லாம் மாடி வீட்டின் மேல்தான். அங்கே இருப்பது மச்சினன், மனைவியின் தம்பி, டைல்ஸ் வியாபாரி. தொட்டிலுக்கு நேர் மேலே உள்ள அறையைக் கொஞ்ச நாளாகப் பூட்டியே வைத்திருந்தான். கடையில் கொள்ளாத டைல்ஸ் பெட்டியை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பான்?

நாலு தடவை கேட்கப் போனார். முதல் தடவை காபி கொடுத்தான், இரண்டாம் தடவை சர்க்கரை அளவு எவ்வளவு என்று விசாரித்தான். மூன்றாம் தடவை அவன் போன் அடித்தது. நாலாம் தடவை பாப்பாவுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் அவரையே பேச வைத்து அனுப்பிவிட்டான்.

பாரம் ஏறி உத்திரம் தொய்ந்தாலும் டிஃப்ளெக்‌ஷன்தான், உதைத்த பந்து எவன் காலிலோ பட்டு வேறு பக்கம் போனாலும் டிஃப்ளெக்‌ஷன்தான். கேட்ட கேள்வியை நைசாகத் திருப்பிவிடுவதற்கும் அதே வார்த்தைதான். இந்தக் கடைசி வகையில் மச்சினன் கில்லாடி. அறையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நழுவினான்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. ஸ்கேலும் கையுமாக ஐந்தாம் முறை படியேறினார்.

"வாங்க அத்தான். வெளியில வெயில் எப்படி இருக்கு?"

"சாவி."

"ஒரு வாய் காபி…"

"சாவியைக் குடு. உன் சரக்கு என் பேத்தி தலையில விழணுமா? அந்த ரூம்ல எது இருந்தாலும் சரி, இன்னைக்கே தூக்கித் தெருவுல போடணும். ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. மச்சினன் அதற்கு மேல் பேச்சைத் திருப்பவில்லை. போய்ச் சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரு டைல்ஸ் பெட்டி கூட இல்லை. சுவருக்குச் சுவர், ஒரே வரிசையாக, இடுப்பு உயரத்துக்கு, சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயின்ட்டில் தேதி. அத்தனையும் அவருடைய கையெழுத்து.

ஒன்று எட்டு கிலோ. மொத்தம் நூற்றுப் பத்து. கணக்கு தானாகவே மனதுக்குள் ஓடி, ஒரு டன்னை நெருங்கிப் போய் நின்றது. அப்படியானால் தொய்வு இந்தப் பாரத்தால்தான், அன்றைக்குப் போட்ட கணக்கில் தப்பில்லை. நிம்மதியில் ஒரு மூச்சு விட்டார், அடுத்த மூச்சு வரவில்லை. அவர் கை தன்னை அறியாமல் முதல் கட்டியை, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தையதை, தடவிக்கொண்டிருந்தது.

"வெளியில தள்ளினா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு அக்காதான் இங்க கொண்டுவந்து வைக்கச் சொல்லிச்சு," என்றான் மச்சினன். "தெரிஞ்சா திரும்பக் கீழ கொண்டுவந்துடுவீங்கன்னு, மூச்சு விடக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு."

ஸ்கேல் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மச்சினன் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"தெருவுல போட்டுடவா, அத்தான்?"