தினகரனுக்கு வந்த நோய்

“மாத்திரை போட்டா நாளெல்லாம் தூங்கிக்கினேதான் கிடப்பான். அப்புறம் தறியில யாரு குந்துறது? அந்த மனசு டாக்டருகிட்ட போனாலே தெருவுல பைத்தியம்னு பேரு கட்டிருவாங்க” என்று மகன் தினகரனைப் பற்றிச் சொன்னாள் இந்திராணி.

ஒரு மாதமாக மருமகள் துர்காதேவிக்கு எதுவுமே விளங்கவில்லை.

எல்லாம் அந்தப் புடவைகளில் ஆரம்பித்தது. தினகரனும் துர்காவும் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதனால் ஒருவரால் ஆகாது. தறிக்குழியில் உட்கார்ந்து உடலையும் இடது கரையையும் தினகரன் பார்த்துக்கொள்வான். வலப்பக்கம் உட்கார்ந்து அந்தக் கரைக்கு துர்கா நூல் கோத்த நாடாவை ஓட்டுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஒரு புடவை திரும்பி வந்ததில்லை. இந்த வருஷம் மூன்று வந்துவிட்டன. கரை உடலோடு சேராமல் விட்டுப்போயிருக்கிறதாம். இன்னொன்று இப்படி வந்தால் நெய்யப் பாவு நூல் தர மாட்டேன் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

மூன்றாவது புடவையை வாங்கி வந்த அன்று தினகரன் அதைப் பிரிக்கக்கூட இல்லை. பரண்மேல் போட்டுவிட்டு, “எனக்கு மனசு சரியில்ல துர்கா. இன்னான்னு சொல்லத் தெரியல” என்றான்.

துர்கா யோசித்து யோசித்துப் பார்த்தாள். வீட்டில் சாவில்லை, சண்டையில்லை. இந்த மனுஷனுக்கு என்ன குறை?

வாயுள்ளவர்கள் எல்லாரும் வைத்தியர்கள் ஆனார்கள். கண்ணேறுதான், காமாட்சியம்மனுக்கு நாற்பத்தெட்டு நாள் நெய்விளக்கு போடு என்றாள் இந்திராணி. மாமனார் வேலாயுதம், “சும்மா இருந்தாத்தான் மனசு மேயும். இன்னொரு தறி போடு, தானா சரியாப் பூடும்” என்றார். இன்னும் ஒருவர் வல்லாரைக் கீரை என்றார்.

துர்கா விளக்கும் போட்டாள், கீரையும் அரைத்தாள். கோயிலில் தினகரன் ஆரத்தியைத் தொட்டு முதலில் அவள் கண்ணில்தான் ஒற்றினான். “வேண்டுதல் உங்களுக்குங்க!” என்று அவன் கையைத் தள்ளிவிட்டாள். கீரையிலும் பாதியை அவளுக்கே ஊட்டிவிட்டான். நோயாளிக்கு இத்தனை கொஞ்சல் எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்து வீட்டு லில்லியிடம்தான் போய்ப் புலம்பினாள். லில்லி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு ஜான்சனுக்கும் இப்படித்தான் ஆச்சு. சபையில ஜெபமும் பண்ணோம், டாக்டரு மாத்திரையும் குடுத்தாரு. எது கேட்டுச்சுன்னு நான் ஆராயல துர்கா. மனுஷன் எழுந்து நடமாடுனாரு, அது போதும் எனக்கு.”

“ஆனா ஒண்ணும் புரியலக்கா. நேத்து காலைல ஏழு இட்லி சாப்ட்டாரு. ராத்திரி படுத்தா குறட்டை. நான்தான் விடிய விடிய முழிச்சிக்கினு அவரையே பாத்துக்கினு கிடக்கறேன். மனசு சரியில்லாதவரு ஏழு இட்லி சாப்புடுவாராக்கா?”

“நீ எத்தினி சாப்ட?”

“அவரு இப்படி இருக்கச்சொல்ல எனக்கு எங்க இறங்குது?” துர்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “டாக்டருகிட்ட போலாம்னு அவரும் தினம் கேக்கறாரு. நான்தான் இழுத்துக்கினு இருக்கறேன்.”

“இழுக்காத. திங்கக்கிழமையே ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்றாள் லில்லி.

தனக்கென்றால் துர்கா அந்த வாசலை மிதித்திருக்கவே மாட்டாள். புருஷனுக்கு என்னும்போது தெரு என்ன பேசினால் என்ன? மாமியாரிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அவனோடு கிளம்பினாள். தினகரன் கையில் ஒரு துணிப்பை இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, “டாக்டருக்குக் காட்டணும்” என்றான்.

ஆஸ்பத்திரியில் அவனே வரிசையில் நின்று சீட்டு வாங்கி நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் துர்கா மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு இட்லியைச் சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் நோயே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ?

“துர்காதேவி! துர்காதேவி யாரும்மா?” என்று கூப்பிட்டாள் நர்ஸ்.

துர்கா பதறி எழுந்தாள். “ஏங்க, பேரை மாத்தி எழுதிட்டாங்க. போய்ச் சொல்லுங்க, சீக்கு உங்களுக்குன்னு.”

தினகரன் எழுந்திருக்கவில்லை. துணிப்பையிலிருந்து பரண்மேல் கிடந்த அந்த மூன்றாவது புடவையை எடுத்து பெஞ்சின்மேல் பிரித்தான். அவள் கையைப் பிடித்து இடது கரைமேல் மெல்ல ஓட்டினான். ஒரு பிசிறில்லை. பிறகு புடவையைத் திருப்பி, மறுபக்கக் கரையை அவள் விரலடியில் வைத்தான். அங்கே சாணுக்கொரு இடத்தில் கோர்வை விட்டு, விரல் நுழைகிற அளவுக்குத் துணி வாய் பிளந்து கிடந்தது.

“மூணு புடவையிலயும் இதே பக்கம்தாம்மா. உனக்கு முடியல, டாக்டருகிட்ட போலாம்னு சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?” என்றான்.

விரலை எடுக்க முடியாமல் துர்கா நின்றாள். அது அவள் உட்கார்ந்து நாடா ஓட்டுகிற வலது கரை.