லிஃப்டில் ஓர் எண்

அடுக்குமாடியின் கழிவுநீரைச் சோதித்து, அங்கே எத்தனை பேர் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வுக்குழு தினமும் லிஃப்டில் காட்டும். எண் மட்டும்தான், பெயர் கிடையாது. மூன்று வருடமாக இரண்டு என்றிருந்தது, மஞ்சரி லாரியில் அடிபட்டு இறந்த பிறகு ஒன்றாகிவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்காகச் சட்டம் போட்ட அவள் படத்தோடு கணவன் திலீபன் லிஃப்டில் ஏறினான்.

"ஒண்ணு கொறஞ்சிருக்கே தம்பி," என்றாள் எதிர்வீட்டு சுகந்தி. "யாரும் வீடு காலி பண்ணலியே..."

அவள் பார்வை படத்தில் வந்து நின்றது. திலீபன் படத்தைத் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டான்.

வீட்டுக்குள் போனதும், மஞ்சரியின் மீதி மாத்திரைகளில் ஒன்றைப் பொடித்துக் கழிப்பறையில் கொட்டினான்.

மறுநாள் சுகந்தி சிரித்தாள். "மறுபடி ரெண்டாயிடுச்சு தம்பி. நான்கூட என்னென்னமோ நெனச்சுட்டேன்."

அவன் தலையாட்டினான். மஞ்சரியின் டப்பாவில் இன்னும் ஒன்பது மாத்திரைகள்தான் இருந்தன.