வெறும் வயிற்றில்

"இருநூத்தி ஏழு."

மகள் சர்க்கரை பார்க்கும் கருவியை அப்பாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் இருநூற்று ஏழுதான்.

"ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஊரார் வீட்டுக் கரண்ட் மீட்டரைப் படிச்சேன். இப்ப நீ என் மீட்டரைப் படிக்கிற."

"பேச்சை மாத்தாதீங்க. ராத்திரி எதையாவது வாயில போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல பாப்பா. பச்சைத் தண்ணி குடிச்சதோட சரி."

அவள் ஈரப் பஞ்சால் அவர் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் நிற்கும்வரை விடமாட்டாள். தானே குத்திக்கொள்ளும் துணிச்சல் அவருக்குக் கிடையாது. எத்தனையோ வீட்டு நாய்களைச் சமாளித்த மனிதர், ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மா போனபிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் சர்க்கரை ஏறி மாடிப்படியில் மயங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டதும் மகள் ஒற்றைப் பையோடு ஓடி வந்தாள். காலைச் சர்க்கரை நூற்று முப்பதுக்குள் வந்ததும் திரும்பிவிடுகிறேன் என்று கணவனிடம் சொல்லிவிட்டு வந்தவள். அந்த எண்தான் இறங்குவேனா என்றது. அப்பாவுக்கு அதுவே உறுத்தல். வாழ வேண்டிய பெண்ணின் குடித்தனத்தைத் தன் உடம்பு கெடுக்கிறதே.

மாப்பிள்ளை ஒரு நாளில் பலமுறை வீடியோவில் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அவள் எழுந்து நின்றுவிடுவாள்.

"எங்க இருக்க?"

"அடுப்படில."

"போனைத் திருப்பு, பார்க்கலாம்."

அவள் அடுப்பையும் சுவரையும் ஜன்னலையும் காட்டினாள்.

"பேச்சுக் குரல் கேட்குதே, யாரு?"

"ரேடியோங்க."

"முதல் தடவையே ஏன் எடுக்கல?"

"கை ஈரமா இருந்துச்சு."

கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறார், பாவம். எத்தனை நாள்தான் மனுஷன் பொறுப்பார்?

டாக்டரிடம் போனபோது அப்பா முறையிட்டார். "ராத்திரி பூரா பட்டினி கிடக்கேன். சர்க்கரை எங்கேர்ந்து டாக்டர் வருது?"

"விடியக்காலைல உடம்பு எழுந்திருக்கத் தயாராகும். கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையைக் கொஞ்சம் அவுத்து விடும். சிலருக்கு அது கூடுதலாவே இருக்கும்."

"கேட்டுக்கோ பாப்பா. திருடன் நான் இல்ல, உள்ளே இருக்கான்."

டாக்டர் சிரித்தார். "மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாமா?"

"வேண்டாம் டாக்டர்." மகள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "ஒரேயடியா தாழ்ந்துபோய் மறுபடி விழுந்துட்டார்னா? சாப்பாட்டுலயே பார்த்துக்கறேன். மாத்திரை இப்ப இருக்கிற அளவே இருக்கட்டும்."

"சரி, இன்னும் கொஞ்சநாள் பார்ப்போம். ராத்திரிச் சாப்பாட்டை இருட்டறதுக்கு முன்னாடி முடிங்க. சாப்பிட்டதும் நடங்க."

அப்பா அன்றிலிருந்து வைராக்கியமாக இறங்கினார். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். "தரையும் தேஞ்சுடப் போகுது" என்று மகள் கேலி செய்தாள். எண் மட்டும் இருநூறை விட்டு அசையவில்லை.

ஒருநாள் அவள் எழுவதற்கு முன்பே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. கருவி மேசைமேல் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வலது கை விரலில் தானே குத்திக்கொண்டார்.

நூற்று எட்டு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நூற்று எட்டேதான். மகளை எழுப்பிச் சொல்லலாம் என்று அறை வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். வேண்டாம், அவள் கண்ணாலேயே பார்க்கட்டும். அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். இன்றைக்கே துணிமணியை எடுத்து வை என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் அவள் வழக்கம்போல் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சுமாக வந்தாள்.

"என்னப்பா, காலைலயே முகத்துல ஒரு களை?"

"நீ எடு, சொல்றேன்."

அவள் அவருடைய இடது கை விரலைப் பஞ்சால் துடைத்தாள். கொஞ்சம் காயவிட்டுக் குத்தினாள். இருவரும் கருவியைப் பார்த்தார்கள்.

"இருநூத்திப் பதினொண்ணு" என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் மேசைமேல் போன் அடித்தது. அவள் திடுக்கிட்டு விரலை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். துளிர்த்த ரத்தம் வேட்டியில் சொட்டாமல் இருக்க அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

விரல் இனித்தது.

கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் போனை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எட்டிப் போனை எடுத்தார்.

"என்ன மாமா, இன்னிக்காவது இறங்குச்சா? அவளுக்கு டிக்கெட் போட்டுடட்டுமா?"

"இருநூத்திப் பதினொண்ணு, மாப்பிள்ளை. இது இறங்கற வழியாத் தெரியல. அவ இங்கயேதான் இருப்பா" என்று சொல்லி, அப்பா போனை வைத்தார்.