பல் டாக்டர் சொன்ன பண்டிகை

சமையலறையில் பெரிய டாக்டர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, அடிப்பிடித்த பால் குண்டானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சமையல்கார அக்கா அவருடைய சுழல் நாற்காலியில் சாய்ந்து, ஸ்டூல் மேல் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற நர்ஸுக்கு மூச்சே நின்றுவிட்டது. இந்த மனிதர் முன்னால் சத்தமாகச் சிரிக்கக்கூட அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

"வா தங்கச்சி, வா! இன்னிக்கு உங்க ஊர்ப் பண்டிகை இல்ல?" என்றாள் அக்கா. "உங்க வழக்கப்படியேதான் எல்லாம் நடக்குது, பார்த்துக்கோ."

சம்பளமில்லாச் சேவைக்கென்று நர்ஸ் இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மாவை விட்டு வந்தபின் முதல் பண்டிகை. செல்போனுக்கு டவர் கிடையாது. இருப்பது ஒரே போன், அதுவும் பெரிய டாக்டர் அறையில். 'அவசரத்துக்கு மட்டும்' என்று அதன்மேல் அவரே எழுதி ஒட்டியிருந்தார்.

இன்றைக்கு ஒரே ஒரு நிமிஷம் அம்மா குரலைக் கேட்டுவிட வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தால், வந்த இடத்தில் இந்தக் கூத்து!

"எங்க வழக்கமா? எது, அக்கா?"

"இதான்! பண்டிகை அன்னிக்குப் பெரிய பதவியில இருக்கறவங்க பாத்திரம் தேய்க்கணும். சமைக்கறவங்க நாற்காலியில உட்காரணும். பொழுது சாயறவரைக்கும் அடுப்புப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது. மூணு வருஷம் முன்னாடி உங்க ஊர்லேர்ந்து சேவைக்கு வந்தாரே பல் டாக்டர், அவர்தான் சொன்னார். மீறினா குடும்பத்துக்கே ஆகாதாமே!"

நர்ஸ் இப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அவள் ஊரில் பண்டிகை என்றாலே சமைக்கிறவளுக்குத்தான் இடுப்பு ஒடியும். அவள் அம்மா விடியுமுன் அடுப்படிக்குள் நுழைந்தால், வெளியே வருவதற்குள் பண்டிகையே முடிந்துவிடும். அந்தப் பல் டாக்டர் கூசாமல் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஏன் அளந்தார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. பதினோரு வருஷமாக அக்கா தானாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. போடச் சொன்னால், "நோயாளிங்க பட்டினி கிடக்கவா?" என்று சண்டைக்கு வருவாள். இரண்டு காலும் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு நிற்பாள்.

"போதும், குடுங்க டாக்டர். உங்களுக்கு இதெல்லாம் வராது" என்று அக்கா எழுந்தாள். பாலைக் காய்ச்சியதும் அவர்தான், அடிப்பிடிக்க விட்டதும் அவர்தான்.

"உட்காருங்க!" என்று அதட்டிவிட்டு, பெரிய டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான் அந்த ஊர்க்காரி. இவங்களுக்கு வருஷா வருஷம் சந்தேகம் வந்துடுது. நிஜமாவே இப்படியொரு வழக்கம் இருக்கா, இல்லையா? பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது."

அக்காவின் டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் இந்த மனிதர் மூட்டை முடிச்சோடு திருப்பி அனுப்பிவிடுவார். உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அக்கா அடுப்படியில்.

"இருக்கு டாக்டர். அப்படியேதான்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. ஊரை விட்டு வந்திருக்கற பொண்ணு அன்னிக்கு அம்மாகூடப் பேசியே ஆகணும். பேசலைன்னா அதுவும் குடும்பத்துக்கு ஆகாது."

"யார் குடும்பத்துக்கு?"

"பாத்திரம் தேய்க்கறவங்க குடும்பத்துக்கு."

"ஐயையோ!" என்று அலறினாள் அக்கா. "டாக்டர், உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும். முதல்ல அந்தப் போனைக் குடுங்க!"

பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு நர்ஸைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். ரிசீவரை எடுத்து, அவள் நாட்டுக்கு முதலில் போட வேண்டிய எண்களை மளமளவென்று தானே தட்டினார். "மிச்சத்தை நீ போடு" என்று கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா முதலில் அழுதாள். பிறகு சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரி பண்டிகைக்கு எடுத்த புடவையின் நிறம் நன்றாகவே இல்லை என்பதுவரை சொன்னாள். நர்ஸ் அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

போனை வைத்ததும்தான் உறுத்த ஆரம்பித்தது. இந்த வயசில் ஒரு மனிதரைப் பாத்திரம் தேய்க்க விட்டது போதாதென்று, தன் பங்குக்கும் ஒரு புளுகு! அவள் சமையலறைக்கு ஓடினாள். அக்கா நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். டாக்டர் இன்னும் அந்தக் குண்டானை விடவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க டாக்டர். போன் விஷயம் நானா சேர்த்தது. பாத்திரம் தேய்க்கறது, நாற்காலி, எதுவுமே எங்க ஊர்ல கிடையாது. என்னைத் திருப்பி அனுப்பினாலும் சரி, அக்காவை மட்டும் எழுப்பிடாதீங்க."

பெரிய டாக்டர் குண்டானைக் கவிழ்த்து வைத்தார். அக்கா நன்றாகத் தூங்குகிறாளா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா, நான் டாக்டருக்குப் படிச்ச அஞ்சு வருஷமும் உங்க ஊர்லதான்."