சுவருக்குப் பத்துப் பேர்

மூன்றாவது முறையாகச் சுவரை அளந்து முடித்த ஜப்பானிய அதிகாரி, நாடாவைச் சுருட்டிக்கொண்டே கல்லை முழங்கால் உயரத்தில் தடவிப் பார்த்தார். பிறகு நெஞ்சு உயரத்தில் தடவினார். கங்காணி இராஜமாணிக்கத்துக்குத் தன் நெஞ்சையே யாரோ தடவியதுபோல் இருந்தது.

மலாயாவில் ராசா என்னும் ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டத்து மேட்டில் நின்ற பழைய கற்சுவர் அது. எந்தக் காலத்திலோ எந்த ராஜாவோ எதிரியைத் தடுக்கக் கட்டிய கோட்டையில் மிஞ்சியது இருபது அடி. அதனால் இதுவரை பயனடைந்தவை, வெயிலுக்கு ஒதுங்கிய ஆடுகள் மட்டுமே.

ஒரு சிப்பாய் துப்பாக்கியை அதில் சாத்தினான். அதிகாரி அவன் கன்னத்தில் பளாரென்று அறைந்துவிட்டு, கல்லில் கீறல் விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். ஆளை நிறுத்திச் சுடத்தானே இந்தச் சுவர், அதற்கு இவ்வளவு மரியாதையா என்று கங்காணிக்கு வியர்த்தது.

"செபுலோ ஓராங்," என்றார் அதிகாரி, தனக்குத் தெரிந்த மலாயில். சுவரைக் காட்டினார். "சங்குல்." அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார்.

"பத்துப் பேராம், மண்வெட்டியோட," என்றார் கிராணி விசுவலிங்கம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக்காரர். "விடியப் பெரட்டில பேர் கூப்பிடேக்க ஆக்களை நிப்பாட்ட வேணும்."

"மண்வெட்டி எதுக்குங்க?"

"ரந்தாவ் பக்கம் எதுக்குக் கேட்டவங்கள்?"

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் போன மாதம் ஏழு பேர் மண்வெட்டியோடு போனார்கள். குழி வெட்டியதும் அவர்கள்தான், அதில் கிடப்பதும் அவர்கள்தான்.

"பேரை நீங்கள் எழுதுங்கோ கங்காணி. எனக்கு ஆக்களைத் தெரியாது," என்று கிராணி பென்சிலை நீட்டினார். பதினெட்டு வருஷமாகத் தினமும் அதே ஆட்களுக்குப் பேர் பதிகிறவர் அவர்.

பட்டியல் போடக் கங்காணிக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மனசுக்குள் அது பல வருஷமாகத் தயாராக இருந்தது. வெள்ளைக்காரத் துரை முன்னாலேயே தன்னை எதிர்த்துப் பேசிய மாயாண்டி. தலைத்துண்டை இறக்காமல் கும்பிடு போடும் முருகையா. மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று கேள்வி கேட்ட சன்னாசி. ஒன்பதோடு விரோதிகள் தீர்ந்துபோனதில் அவருக்கே கொஞ்சம் வருத்தம். பத்தாவதாக, பக்கத்து வீட்டில் ஓயாமல் இருமுகிறவனை எழுதினார்.

பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் சேதி தெரிந்துவிட்டது. சன்னாசியின் பெண்டாட்டி முத்தாயி ஓடி வந்து காலில் விழுந்தாள்.

"நாலு புள்ளைங்கண்ணே! அதுங்க மூஞ்சிக்காகவாவது அவரு பேர வெட்டிருங்கண்ணே!"

"ஜப்பான்காரன் போட்ட பட்டியலு தாயி. நான் என்ன செய்ய?"

"பென்சிலு ஒங்க காதுலல்ல இருக்கு!"

உள்ளேயிருந்து மணியம் வந்தான். கங்காணிக்கு ஒரே மகன், இருபத்திரண்டு வயது. "அப்பா, சன்னாசியண்ணன வெட்டிட்டு எம் பேர எழுதுங்க."

"வாய மூடுடா."

"எழுதுங்கப்பா. எனக்கென்ன, புள்ளகுட்டியா இருக்கு?"

"எனக்கு இருக்குடா!" என்று கத்தி, அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

காலைப் பெரட்டில் பத்துப் பேரும் மண்வெட்டியோடு முன்னால் நின்றார்கள். முத்தாயிக்கு அழுது அழுது குரல் போயிருந்தது. கடைசி வரிசையில் மணியத்தின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கங்காணி நின்றார்.

அதிகாரியின் காருக்குப் பின்னால் மூன்று காலி லாரிகள் வந்தன. பத்துப் பேருக்கு மூன்று லாரியா என்று கங்காணி ஒரு கணம் யோசித்தார். ஜப்பான்காரனிடம் யார் போய்க் கேட்பது என்று விட்டுவிட்டார்.

அதிகாரி ஓர் ஆங்கிலக் காகிதத்தைக் கிராணியிடம் கொடுத்தார். கிராணி வாசித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி வாசித்தார்.

"இவருக்குப் பழைய கோட்டையெண்டால் உயிராம். இந்தச் சுவரைப் பாதுகாத்து, சுத்திவர ராசா சனத்துக்கு ஒரு பூங்கா வைக்கப் போறாராம். இந்தப் பத்துப் பேரும் அதுக்குத் தோட்டக்காரர். இண்டைக்குப் பூமரத்துக்குக் குழி வெட்ட வேணுமாம். சண்டை முடியுமட்டும் இவையளை ஒருத்தரும் வேற வேலைக்குக் கூப்பிடக் கூடாதாம்."

சன்னாசி மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பத்தாவது ஆள் இருமுவதற்கே மறந்துபோனான். தன் விரோதிகளுக்குப் பூச்செடி வேலையா என்று கங்காணிக்கு எரிச்சலாக இருந்தாலும், மூச்சு சீராக வந்தது. மகனின் கையை விட்டார்.

கிராணி காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது.

"ஆபீசுக்கு என்னை விட்டிட்டு, பட்டியல்ல இல்லாத ஆம்பிளையள் எல்லாரும்..." கிராணி காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "லாரியில ஏறட்டாம். சயாமுக்கு. தண்டவாளம் போட."

சயாமுக்குப் போனவன் எவனும் அதுவரை திரும்பியதில்லை. லயத்துப் பெண்கள் ஒரே குரலில் அலறினார்கள். சிப்பாய்கள் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார்கள். மணியம் முதல் லாரியில் ஏறினான்.

கங்காணி வரிசையைக் கிழித்துக்கொண்டு ஓடினார். "கிராணியாரே! ஒரே ஒரு பேர மாத்தணும்! எம் புள்ளய எழுதிக்குங்க!"

கிராணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்களும் ஏறுங்கோ கங்காணி. உங்கட பேரும் இதில இல்லை."